ஜேம்ஸ் ஹெமிங்ஸ் அடுப்பிலிருந்து வந்த மக்ரோனி

உலகம் சமைக்கும் வீடுகள் – 17

நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில், கொதிக்கும் அண்டாவிலிருந்து அள்ளிய மக்ரோனியின் மேல் சீஸைத் துருவிப் போட்டு, கையாலேயே எடுத்து அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டவர்களைப் போன வாரம் பார்த்தோம். அதே மக்ரோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் வேறொரு சாப்பாடாகிவிட்டது. பால், வெண்ணெய், மாவு, சீஸ் எல்லாவற்றோடும் சேர்ந்து, சூட்டடுப்புக்குள் போய், மேலே பொன்னிறமாகச் சிவந்து, உள்ளே குழைவாக இருக்கும் வீட்டுச் சாப்பாடு அது. அமெரிக்காவில் ‘மேக் அண்ட் சீஸ்’. டிரினிடாட், பார்படோஸ் தீவுகளில் ‘மக்ரோனி பை’.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அன்று கறுப்பினக் குடும்பங்களின் விருந்து மேஜையில் வான்கோழியும் கீரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இருக்கும். இருந்தாலும், ‘மேக் அண்ட் சீஸ் யார் பண்ணினது?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பல வீடுகளில் தட்டை நீட்டுவார்கள். அந்தப் பாத்திரத்தின் பொறுப்பு சுலபத்தில் கைமாறாது. பாட்டி செய்வார்; அவருக்கு முடியாமல் போனால், அவர் பக்கத்தில் நின்று பழகிய மகளோ மருமகளோ செய்வார். ஏட்ரியன் மில்லர் 2013-ல் எழுதிய ‘சோல் ஃபுட்’ என்ற புத்தகத்தில் இந்த ஒரு பதார்த்தத்துக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது.

நம் ஊரில் இதைக் குழந்தைகள் சாப்பாடு என்று ஒதுக்கிவிடுகிறோம். பாக்கெட்டைப் பிரித்து, பொடியைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது என்ற எண்ணம். இதன் பின்னால் இருக்கும் கைப்பக்குவத்தையும், அந்தப் பக்குவம் யார் யார் கை வழியாக வந்தது என்பதையும் தெரிந்துகொண்டால் அப்படி நினைக்கத் தோன்றாது. இந்த வாரம் அதை ஒவ்வொரு படியாகச் செய்தபடியே, அந்தக் கைகளையும் பார்த்துவிடலாம்.

மக்ரோனி வேகும் நேரம்

நான்கைந்து பேருக்கான அளவு இது. குட்டிக் குழாய் மாதிரி வளைந்த மக்ரோனி 250 கிராம். கொழுப்பு எடுக்காத பால் 750 மில்லி. உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம். செடார் சீஸ் 200 கிராம், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பிராசஸ்டு சீஸ் 50 கிராம். அரை டீஸ்பூன் கடுகுப் பொடி, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், மிளகுத் தூள், உப்பு. மேலே தூவ இரண்டு கைப்பிடி பிரட் தூளும், அதில் பிசற ஒரு ஸ்பூன் வெண்ணெயும்.

மக்ரோனி வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். டியூரம் கோதுமை ரவையில் செய்தது என்று போட்டிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோதுமையில் புரதம் அதிகம். இரண்டு முறை வெந்தாலும் குழாய் குழாயாகவே நிற்கும். மைதாவில் செய்த மலிவான மக்ரோனி சாஸில் ஊறியதும் சொதசொதவென்று ஆகிவிடும்.

இரண்டரை லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் உப்புப் போடுங்கள். மக்ரோனிக்குள் உப்பு இறங்க இது ஒன்றுதான் சந்தர்ப்பம். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே வடித்துவிடுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்தால் நடுவில் லேசாகப் பல்லில் தட்ட வேண்டும். மீதி வேக்காட்டை அடுப்புக்குள் சாஸ் பார்த்துக்கொள்ளும். வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசும் பழக்கம் நம்மிடம் உண்டு. இதற்கு வேண்டாம். மேலே படிந்திருக்கும் மாவுப்பசைதான் சாஸைப் பிடித்துவைக்கும்.

அமெரிக்காவுக்கு இந்தப் பதார்த்தத்தைக் கொண்டுவந்தவர், பிற்பாடு அந்நாட்டின் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அவருக்கு மக்ரோனி மேல் ஆசை இருந்தது உண்மை. பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது மக்ரோனி பிழியும் இயந்திரத்தைப் படமாக வரைந்து, செய்முறையையும் எழுதிவைத்தார். 1789-ல் அவருடைய செயலர் வில்லியம் ஷார்ட் நேப்பிள்ஸிலிருந்து அப்படியொரு இயந்திரத்தை அவருக்காக வாங்கினார். ஆனால், அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1769-ல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வாழ்ந்த எலிசபெத் ராஃபால்ட் தன் சமையல் புத்தகத்தில் இதற்கு வழி சொல்லிவிட்டார். மக்ரோனியை நன்றாக வேகவைத்து வடிகட்டி, பாலேடும் மாவில் புரட்டிய வெண்ணெய் உருண்டையும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, தட்டில் ஊற்றி, மேலே பார்மசான் சீஸை வாட்டிப் பரப்பச் சொல்கிறார். சீக்கிரம் ஆறிப்போகும் என்பதால், அடியில் வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்துப் பரிமாற வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. சமையலறையில் நின்று பழகியவருக்குத்தான் அந்தக் கவலை வரும்.

ஆக, ஜெஃபர்சன் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. அவர் வீட்டில் இதைச் சமைக்கத் தெரிந்த ஆள் இருந்தார். அவரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வெள்ளை சாஸும் கரி அடுப்பும்

அடி கனமான வாணலியில் 40 கிராம் வெண்ணெயை உருக்குங்கள். நுரை அடங்கியதும் 40 கிராம் மைதாவைப் போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போக வேண்டும். நிறம் மாறக் கூடாது. வெண்ணெயின் கொழுப்பு மாவுத் துகள் ஒவ்வொன்றையும் சுற்றிப் படிவதால், பால் ஊற்றும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டாமல் பிரிந்து நிற்கும். முதல் கரண்டிப் பாலை ஊற்றியதும் கலவை களிபோல் இறுகும். பயந்துவிடாமல் கிளறுங்கள். வழுவழுப்பானதும் அடுத்த கரண்டி. இப்படி நாலைந்து கரண்டி இறங்கிய பிறகு மீதிப் பாலை மொத்தமாக ஊற்றிவிடலாம்.

இனி கை நிற்கக் கூடாது. மாவில் இருக்கும் ஸ்டார்ச் துகள்கள் 60 டிகிரிக்கு மேல் பாலைக் குடித்து உப்பத் தொடங்கும். கொதி வரும் நேரத்தில் சட்டென்று கெட்டிப்படும். அங்கேயே அடுப்பை அணைத்துவிட்டால் நாக்கில் மாவு தட்டும். தீயைக் குறைத்து மேலும் ஐந்தாறு நிமிடம் அடியைத் துழாவிக்கொண்டே இருங்கள். மூலைகளில்தான் முதலில் அடிபிடிக்கும். கரண்டியின் பின்பக்கத்தில் சாஸ் படிந்து, விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி. உப்பு, மிளகு, கடுகுப் பொடி, ஜாதிக்காய் எல்லாம் இப்போது சேரட்டும். கடுகுப் பொடி தனியாகத் தெரியாது. சீஸின் ருசியை எடுத்துக்கொடுக்கும்.

இந்தச் சாஸ் முழுக்க முழுக்கத் தீயை அடக்கி ஆள்வதில் இருக்கிறது. நமக்கு கேஸ் அடுப்பின் திருகு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் பெரும்பாலான சமையல் திறந்த கணப்பில், எரியும் கட்டைகளுக்கு முன்னால் நடந்தது. அங்கே வெள்ளை சாஸ் வைப்பது லேசான காரியமில்லை. பிரெஞ்சுப் பெரிய வீடுகளில் அதற்கென்றே ஓர் அடுப்பு இருந்தது. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை. அதில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கரி நெருப்பு, மேலே இரும்புக் கம்பி. ஒரு குழியில் நிறையக் கரி, இன்னொன்றில் கொஞ்சம் என்று போட்டு, சட்டியை நகர்த்தி நகர்த்தி வேண்டிய சூட்டைப் பெறலாம். 2017-ல், ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகை வளாகத்தில், தெற்குக் கட்டடத்தின் அடித்தளத்தைத் தோண்டிய தொல்லியலாளர்களுக்கு அப்படிப்பட்ட கரி அடுப்பின் எச்சங்கள் கிடைத்தன. அங்கே சமைத்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ்.

ஹெமிங்ஸ் 1765-ல் அடிமையாகப் பிறந்தார். அவருடைய தாய் எலிசபெத் ஹெமிங்ஸ். தந்தை ஜான் வேல்ஸ், ஜெஃபர்சனுடைய மாமனார். அதாவது, ஹெமிங்ஸ் ஜெஃபர்சனின் மனைவிக்கு ஒரு வகையில் தம்பி. அதே நேரம் அந்த வீட்டின் சொத்துக் கணக்கில் ஒரு வரி. 1784-ல், 19 வயதில், சமையல் கற்பதற்காக ஜெஃபர்சன் அவரைப் பாரிஸுக்குக் கூட்டிப்போனார். அங்கே உணவகம் நடத்தியவரிடம் ஆரம்பித்து, இனிப்புப் பண்டக் கலைஞரிடமும், கோந்தே இளவரசரின் சமையல்காரரிடமும் பயின்றார். 1787-ல் பாரிஸில் ஜெஃபர்சன் குடியிருந்த மாளிகையின் தலைமைச் சமையல்காரர் ஆனார். தன் கைக்காசில் ஆசிரியர் வைத்து பிரெஞ்சும் படித்தார்.

பிரான்சில் அடிமைகள் நீதிமன்றத்தில் மனுப் போட்டு விடுதலை கேட்க முடியும். ஹெமிங்ஸ் அங்கே இருந்தது ஐந்து வருஷம். அவருடைய தங்கை சாலியும் பின்னாளில் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் 1789-ல் ஜெஃபர்சனோடு திரும்பிவிட்டார்கள். நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் ஜெஃபர்சன் வீட்டுச் சமையல் ஹெமிங்ஸின் பொறுப்பு. 1793 செப்டம்பரில் ஜெஃபர்சன் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்: மாண்டிசெல்லோவில் வேறொருவருக்கு முழுச் சமையலையும் கற்றுக்கொடுத்த பிறகு ஹெமிங்ஸுக்கு விடுதலை. ஹெமிங்ஸ் தன் தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்தார். 1796 பிப்ரவரியில் விடுதலையானார்.

தன் சுதந்திரத்துக்கு விலையாகத் தம்பியை அதே அடுப்பின் முன் நிறுத்திவிட்டுப் போக வேண்டியிருந்தது. நான் இந்தப் பதார்த்தத்தைப் பற்றிப் படித்தவற்றிலேயே மனதை மிகவும் அறுத்தது இதுதான். பீட்டருக்கு அப்போது விடுதலை கிடைக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் ஹெமிங்ஸ் சமையலறைச் சாமான்களின் பட்டியல் ஒன்றைத் தன் கையால் எழுதினார். அந்தத் தாள் இன்றும் வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. மூடியோடு 19 செம்புச் சட்டிகள் என்று ஆரம்பித்து, மீன் வேகவைக்கும் பாத்திரங்கள், அச்சுகள், வாணலிகள், வெந்நீர் தாங்கும் தட்டுகள் வரை நேர்த்தியான எழுத்தில் கணக்கு ஒப்புவித்திருக்கிறார். அந்தச் செம்புச் சட்டிகள்தான் கரி அடுப்பின் குழிகள் மேல் உட்கார்ந்தவை. செம்பில் சூடு சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். பாலும் மாவும் வெண்ணெயும் அடிபிடிக்காமல் சாஸாவதற்கு அதைவிடத் தோதான பாத்திரம் கிடையாது.

சீஸ் திரிந்துபோகாமல்

அடுப்பை அணைத்துவிட்டுச் சீஸ் போடுங்கள். இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் மொத்த உழைப்பும் வீண்.

சீஸ் என்பது பால் புரதமும் கொழுப்பும் நீரும் சேர்ந்த ஒரு கட்டமைப்பு. கால்சியம் அந்தப் புரதங்களைப் பிணைத்து வைத்திருக்கிறது. மிதமான சூட்டில் கட்டு தளர்ந்து உருகும். சூடு அதிகமானால் புரதங்கள் இறுகிச் சுருண்டு, உள்ளே இருந்த நீரையும் கொழுப்பையும் வெளியே பிழிந்துவிடும். வாணலியில் மணல் மணலாகத் திரிந்து, மேலே எண்ணெய் மிதப்பது இதனால்தான். வெள்ளை சாஸில் இருக்கும் ஸ்டார்ச் புரதங்களுக்கு இடையில் புகுந்துகொண்டு, அவை கூட்டாகச் சுருளாமல் காக்கிறது. ஆனாலும், கொதிக்கும் சாஸைத் தாங்கும் அளவுக்கு அந்தக் காவல் பலமானதல்ல. அணைத்து ஒரு நிமிடம் கழித்து, துருவிய சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்குங்கள். ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. 200 கிராம் செடாரில் ஒரு கைப்பிடியை மேலே தூவ எடுத்துவையுங்கள்.

துருவியே விற்கும் சீஸ் பாக்கெட் இதற்கு வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதன்மேல் மாவோ செல்லுலோஸ் தூளோ பூசியிருப்பார்கள். சாஸ் நறநறவென்று ஆகிவிடும். கட்டியாக வாங்கி, ஜில்லென்று இருக்கும்போதே துருவுங்கள். பீட்சாவுக்கான மொசரெல்லாவும் சரிப்படாது. நூல் நூலாக இழுக்கும், சுவை இருக்காது.

50 கிராம் பிராசஸ்டு சீஸ் எதற்கு என்று கேட்கலாம். அதில் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் இருக்கின்றன. அவை புரதத்தைப் பிணைக்கும் கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் எவ்வளவு சுட்டாலும் திரியாது. கொஞ்சம் சேர்த்தால் மொத்தச் சாஸுக்கும் அந்த வழவழப்பு வந்துவிடும். முழுக்க அதையே போட்டால் செடாரின் காரமான மணம் கிடைக்காது.

இந்த வித்தையை வியாபாரமாக்கியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் எல். கிராஃப்ட். கெடாமல் வைத்திருக்கும்படி சீஸைப் பதப்படுத்தும் முறைக்கு 1916-ல் காப்புரிமை வாங்கினார். 1937-ல், பொருளாதார மந்தத்தின் நடுவே, அவருடைய நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் பொடியையும் ஒரே பெட்டியில் போட்டு 19 சென்ட்டுக்கு விற்றது. நான்கு பேர் சாப்பிடலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேஷன் கட்டுப்பாடு வந்தபோது அந்தப் பெட்டி பல வீடுகளின் ராத்திரிச் சாப்பாட்டைக் காப்பாற்றியது. 1981-ல் அமெரிக்க அரசு தன் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த பிராசஸ்டு சீஸை ஐந்து பவுண்டுக் கட்டிகளாக ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அந்த நீளக் கட்டிகளைக் கறுப்பினக் குடும்பங்கள் பல தங்கள் மக்ரோனியில் சேர்த்தன. அப்போது குழந்தைகளாக இருந்தவர்கள் இன்றும் அந்தச் சீஸ் உருகும் விதத்தைப் பற்றி வாஞ்சையோடு பேசுவார்கள். ஆக, பாக்கெட்டைக் கேவலமாகப் பேச எனக்கு மனமில்லை. கையில் இருக்கும் காசுக்கு வீட்டாரின் வயிற்றை நிறைத்தவர்களின் சாமர்த்தியம் அதில் இருக்கிறது. நேரமும் கொஞ்சம் காசும் இருக்கும் நாளில் முழுதாகச் செய்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுப்புக்குள்

சாஸில் மக்ரோனியைக் கொட்டிக் கலந்ததும், ‘என்ன இவ்வளவு தண்ணியாக இருக்கிறதே’ என்று தோன்ற வேண்டும். ரயில் பயணத்துக்குத் தயிர்சாதம் பிசையும்போது, இறுகிவிடும் என்று தெரிந்து பாலைக் கூடுதலாக ஊற்றித் தளரப் பிசைவோம் அல்லவா, அதே கணக்கு. மக்ரோனி சூட்டடுப்பில் இருக்கும் நேரம் முழுக்கச் சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும். கலக்கும்போதே கெட்டியாக இருந்தால், வெளியே வரும்போது வறண்ட கட்டியாகத்தான் வரும். கெட்டியாகத் தெரிந்தால் அரை டம்ளர் சூடான பாலை யோசிக்காமல் ஊற்றுங்கள்.

வெண்ணெய் தடவிய கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் ஊற்றி, எடுத்துவைத்த செடாரைத் தூவி, உருக்கிய வெண்ணெயில் பிசறிய பிரட் தூளை மேலே பரப்புங்கள். ஓ.டி.ஜி.யை 180 டிகிரியில் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, நடுத்தட்டில் 25 நிமிடம் வையுங்கள். கடிகாரத்தைவிட ஓரத்தைக் கவனியுங்கள். பாத்திரத்தின் விளிம்பையொட்டிச் சாஸ் குமிழியிட்டு, அந்தக் குமிழ்கள் மெதுவாக உடைய ஆரம்பித்தால் ஆகிவிட்டது. மேல்புறம் இன்னும் வெளுப்பாக இருந்தால், கடைசி மூன்று நிமிடம் மேல் கம்பியை மட்டும் போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையில் அதிக நேரம் கிடையாது.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கொதியோடு வெட்டினால் சாஸ் ஓடிவிடும். பத்து நிமிடத்தில் ஸ்டார்ச் இறுகி, கரண்டி போட்டால் மெதுவாகச் சரிந்து விழும் பதத்துக்கு வந்திருக்கும். மூலைத்துண்டுக்கு வீட்டில் போட்டி நடக்கும். மேலும் பக்கமும் மொறுமொறுவென்று இருப்பது அங்கேதான்.

ஓவன் இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் மூன்று கால் வைத்த கனமான இரும்புப் பானையைத் தணலில் வைத்து, குழிவான மூடியின் மேலும் தணலைப் பரப்பி வேகவைத்தார்கள். நம் வீட்டில் தோசைக்கல்லைச் சூடாக்கி, அதன் மேல் மூடி போட்ட கனமான பாத்திரத்தை வைத்து, சிறு தீயில் 15 நிமிடம் விடலாம். உள்ளே அருமையாகச் சேர்ந்துகொள்ளும். மேலே சிவக்காது. அதனால், பிரட் தூளை வெண்ணெயில் தனியாக வறுத்துப் பரிமாறும்போது தூவுங்கள்.

இதையே முட்டை போட்டுச் செய்யும் வழியும் தெற்கு மாநிலங்களில் உண்டு. வெள்ளை சாஸ் இல்லை. சூடான மக்ரோனியில் வெண்ணெயும் சீஸும் கலந்து, அரை லிட்டர் பாலில் இரண்டு முட்டையை அடித்து ஊற்றி வேகவைப்பார்கள். முட்டை உறைந்து, துண்டு போடும் பதத்தில் வரும். டிரினிடாட்டில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு இப்படிச் செய்து, சதுரம் சதுரமாக வெட்டி, கறிக்குழம்போடு வைப்பார்கள். அங்கே சுண்டிய டப்பாப் பால் சேர்ப்பது வழக்கம். இதில் கூடுதல் சூடு கூடாது. முட்டை திரிந்து நீர் விட்டுவிடும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும்.

யார் பெயர் நின்றது?

1802 பிப்ரவரியில், குடியரசுத் தலைவராகியிருந்த ஜெஃபர்சன் கொடுத்த விருந்தில் ‘மக்ரோனி பை’ பரிமாறப்பட்டது. மாசசூசெட்ஸ் நாடாளுமன்ற உறுப்பினரும் பாதிரியாருமான மனாஸ்ஸே கட்லர் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உள்ளே இருந்தது வெங்காயம் என்று நினைத்துச் சாப்பிட்டாராம், நெடி தூக்கலாக இருந்ததாம், பிடிக்கவில்லையாம். பக்கத்திலிருந்த மெரிவெதர் லூயிஸ்தான் அது இத்தாலியப் பதார்த்தம் என்று விளக்கியிருக்கிறார். பிற்பாடு அமெரிக்காவின் மேற்குக் கரை வரை நிலவழிப் பயணம் நடத்திப் புகழ்பெற்றவர் இந்த லூயிஸ்.

அந்த விருந்துச் சமையலுக்கு ஹெமிங்ஸ் வந்திருக்க வேண்டியவர். 1801-ல் தன் மாளிகைச் சமையலுக்கு அவரை அழைத்துவரும்படி ஜெஃபர்சன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். சம்பளமும் நிபந்தனையும் என்னவென்று ஜெஃபர்சனே தன் கைப்பட எழுத வேண்டும் என்று ஹெமிங்ஸ் கேட்டார். சுதந்திர மனிதர் ஒருவர் வேலைக்குச் சேரும் முன் கேட்கும் நியாயமான கேள்வி. அப்படியொரு கடிதம் வரவில்லை. ஹெமிங்ஸும் அந்த வேலைக்குப் போகவில்லை. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் பால்டிமோரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. வயது 36.

1824-ல் மேரி ராண்டால்ஃப் என்ற வர்ஜீனியச் சீமாட்டி ‘தி வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்’ என்ற சமையல் புத்தகத்தை வெளியிட்டார். பாலும் தண்ணீரும் கலந்து மக்ரோனியை வேகவைத்து, சீஸும் வெண்ணெயும் அடுக்கடுக்காகப் போட்டுச் சூட்டடுப்பில் வைக்கும் முறை அதில் இருக்கிறது. அவருடைய தம்பிதான் ஜெஃபர்சனின் மருமகன். மேரி வீட்டுச் சமையலறைகளிலும் வேலை செய்தவர்கள் அடிமைகள். புத்தகத்தின் அட்டையில் ராண்டால்ஃப் பெயர் நின்றது. மக்ரோனிக் கதையில் ஜெஃபர்சன் பெயர் நின்றது.

ஆனால், கைப்பக்குவம் வேறு வழியில் நடந்து போனது. ஈடித் ஹெர்ன் ஃபாஸெட் என்ற அடிமைப் பெண் 1802-ல் குடியரசுத் தலைவர் மாளிகைச் சமையலறைக்குக் கொண்டுவரப்பட்டார். பிரெஞ்சுச் சமையல்காரரிடம் பயின்று, பிறகு மாண்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரராகி, 1826-ல் ஜெஃபர்சன் இறக்கும்வரை அங்கே சமைத்தார். மறு ஆண்டு ஜனவரியில் கடனுக்காக நடந்த ஏலத்தில் அவரும் பிள்ளைகளும் விற்கப்பட்டார்கள். மகன் பீட்டர் ஃபாஸெட்டுக்கு அப்போது 11 வயது. பல ஆண்டுகள் கழித்து விடுதலை பெற்று சின்சினாட்டி நகரில் குடியேறிய பீட்டர், அங்கே பெயர்பெற்ற விருந்துச் சமையல் ஒப்பந்தக்காரராகவும் பாதிரியாராகவும் வாழ்ந்தார். அம்மாவின் தொழில் மகனுக்குச் சொந்தத் தொழிலானது. இப்படி ஆயிரக்கணக்கான வீடுகளில், எழுதிவைக்காத அளவுகளோடு, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்ற கைகள் வழியாகத்தான் இந்த மக்ரோனி ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கும் நன்றி நவிலும் நாளுக்கும் வந்து சேர்ந்தது. யார் செய்தது என்று அந்த வீடுகளில் இன்றும் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. வேறு யாரும் கேட்காத கேள்வி அது.

உங்கள் வீட்டில் இதைச் செய்யும் நாளில் பிள்ளைகள் கதை கேட்டால், ஜெஃபர்சனின் இயந்திரத்தைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். ஜேம்ஸ் ஹெமிங்ஸ், பீட்டர் ஹெமிங்ஸ், ஈடித் ஃபாஸெட் என்ற மூன்று பெயர்களையும் முழுதாகச் சொல்லுங்கள்.

மீந்துபோனால் மூடி குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் இரண்டு ஸ்பூன் பால் தெளித்து, அலுமினியத் தாளால் மூடி, சிறு சூட்டில் சூடாக்கினால் சாஸ் மறுபடி இளகும். விருந்தாளிகள் வருவதாக இருந்தால் முதல் நாளே எல்லாம் கலந்து பாத்திரத்தில் அடுக்கிவிடலாம். பிரட் தூளை மட்டும் மறுநாள் தூவி, வேகும் நேரத்தில் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் இதே வெள்ளை சாஸ் கிரேக்கத்துக்குப் போகிறது. நீளக் குழாய் மக்ரோனி, பட்டை மணக்கும் கறி, அதன் மேல் ஒரு விரல் தடிமனுக்கு வெள்ளை சாஸ். பாஸ்திட்சியோ என்ற அந்தப் பதார்த்தத்தை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த சமையல் ஆசிரியர் நிக்கோலாஸ் செலெமென்டெஸை அங்கே சந்திப்போம்.

(தொடரும்)